பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

மான்மவுத் ஜங்ஷன் தபால் நிலையத்தில் இன்று காலை மறுபடியும் அது நடந்தது. எனக்கு முன்னால் போன ஒரு வெள்ளைக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே போகாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அப்போதுதான் காரிலிருந்து இறங்கியிருந்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவே இருபது அடியாவது இருக்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் போங்கள் என்று கை காட்டினேன். அவர் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். ஜனவரி மாதத்துக் குளிரெல்லாம் தபால் நிலையத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் எனக்காக ஏன் கதவைப் பிடிக்க வேண்டும் என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

எங்கள் பெருந்துறைப் பக்கத்தில் தெரியாத ஆள் காரணமில்லாமல் சிரித்தால், சீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று பொருள். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்தபடியே விலகியும் போகிறார்கள். மகளின் பள்ளி விழாவில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், நியூயார்க் போகும் ரயிலில், என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். யாராவது வந்து, உட்காரலாமா என்று கேட்பார்கள். நான் உடனே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்பேன். அவர்கள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஸாரி" என்று சொல்லி வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. தலைக்கு எண்ணெய் வைப்பதாலா, சட்டையில் தாளிப்பு வாசம் அடிக்கிறதா என்று முதலில் யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டேன். வாயால் கேட்பது ஒன்று, மனதில் இருப்பது வேறு, இதுதான் இந்த ஊர் என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ரூட் ஒன் சாலையில் ஒரு டிரை கிளீனிங் கடையில் பேன்ட்களுக்குக் கீழ் மடிப்புத் தைக்கிறேன். இப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் விமானம் ஓட்டப் படித்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான் நீண்ட நாள் நம்பவில்லை.

எல்லாம் ஒரு கூப்பனில் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது முடிந்தபோது, அவருடைய ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன விமானத் திடலில் ஒரு மணி நேரம் விமானம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அதில் போட்டிருந்தது. இவருக்குக் குடை ராட்டினம் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். கூப்பன் பல மாதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் கிடந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, "நீ வேணா போய்ட்டு வா மரகதம். வேஸ்ட் பண்ண வேண்டாம்" என்றார். தயிர் டப்பா கூப்பனுக்குச் சொல்வது மாதிரியே சொன்னார்.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் பெயர் பிரையன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விமானமோ, நம் ஊர் அம்பாசிடர் காருக்கு இறக்கை வைத்தது போல் இருந்தது. இரண்டே சீட். இரண்டுக்கும் முன்னால் தனித்தனி ஸ்டியரிங், காலடியில் தனித்தனிப் பெடல்கள். மேலே போய்ச் சமமாகப் பறக்கத் தொடங்கியதும், அவர் என்னைப் பார்த்து "யுவர் ஏர்பிளேன்" என்று சொல்லிவிட்டுக் கைகளை எடுத்தார். என்ன பண்பான பையன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று நாம் சொல்வோமே, அப்படி. அதற்காக ஆமாம் என்னுடையதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? நானும் மரியாதைக்கு, "நோ நோ சார். யுவர் ஏர்பிளேன்" என்று கையை எடுத்துவிட்டேன்.

"நோ, யுவர் ஏர்பிளேன்" என்றார்.

"நோ சார், யுவர்ஸ் ஒன்லி."

விமானத்தை யாரும் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு டர்ன்பைக் நெடுஞ்சாலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தோம். பிறகுதான் பிரையனுக்குப் புரிந்தது. சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். அது உபசாரம் இல்லையாம். விமானத்தை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கும் சொல்லாம். வாங்கிக்கொள்பவர் "மை ஏர்பிளேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகே அடுத்தவர் கையை எடுக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து "மை ஏர்பிளேன்" என்றேன். என் வாழ்க்கையில் எதையும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

ஆனாலும் அதற்காக நான் மறுபடி போகவில்லை. கீழே இறங்கிய பிறகு, அடுத்த முறை வந்தால் விமானத்தைக் கிளம்புமுன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று பிரையன் காட்டினார். பெட்ரோல் முள்ளை நம்பாதே, குச்சியை விட்டு நீயே அளந்து பார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம், கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார், மோந்து பார். நேற்று சரியாக இருந்த திருகாணி இன்று கழன்றிருக்கலாம். நான் சோதித்துவிட்டேன் என்று சொன்னாலும் என்னையும் நம்பாதே. இதைக் கேட்டதும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பெருந்துறையில் பால்காரர் ஊற்றும் பாலில் தினமும் விரல் விட்டுப் பார்த்தவள் நான். ரேஷன் மண்ணெண்ணெயை மோந்து பார்த்துச் சண்டை போட முடியாமல் திரும்பி வந்தவள். இந்த ஊரில் சந்தேகப்படுவதை ஒரு வேலையாகச் செய்யச் சொன்ன முதல் இடம் அதுதான். கடையில் தைத்துச் சம்பாதித்ததில் சனிக்கிழமை தோறும் போகத் தொடங்கினேன்.

நான்கு மாதத்தில் ஓரளவு கை வந்தது. ரேடியோவில் பேசுவதுதான் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். எதிரில் முகம் இல்லாததால் அதுவும் வந்துவிட்டது. தரையிறக்கவும் வந்துவிட்டதாக பிரையன் சொன்னார். "தட் வாஸ் ஆல் யூ" என்பார், முழுக்க நீயே இறக்கினாய் என்று. அங்கேதான் எனக்குச் சந்தேகம். அவருடைய கைகள் மடியில் இருக்கும், அதைப் பார்க்கிறேன். கால்கள்? தரையை நெருங்கும்போது ஓரக்கண்ணால் கீழே பார்ப்பேன். அவருடைய ஷூக்கள் பெடல்மேல் இருக்கும். இடது முன்னே போகும், வலது பின்னே வரும். கேட்டதற்கு, "உன் பெடலும் என் பெடலும் ஒன்றோடொன்று இணைந்தவை. நீ மிதித்தால் இதுவும் அசையும். நான் சும்மா வைத்திருக்கிறேன்" என்றார். சரி, அவர் மிதித்தாலும் என்னுடையது அசையும் அல்லவா? மிதிப்பது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் எட்டாவது படிக்கும்போது அண்ணன் எனக்கு சைக்கிள் பழக்கினான். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். ஒரு நாள் "உட்டுட்டேன் புள்ள, நீயேதான் ஓட்டற!" என்று கத்தினான். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கடைவீதி முழுக்க ஓட்டினேன். என் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரேஷன் கடை திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால், அண்ணன் இன்னும் கேரியரைப் பிடித்தபடி மூச்சு வாங்க ஓடி வருகிறான். நான் விழக்கூடாது என்றுதான் பிடித்திருந்தான். எனக்கு அது விழுந்ததைவிட மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு என் கல்யாணம் முடிந்தது, விசா வந்தது, அமெரிக்கா வந்தேன். இங்கே கார் ஓட்டப் படித்தபோது இவர் ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். போனில் என் சார்பாக மகள் பேசுவாள். ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, பின்னால் யாரும் பிடிக்காமல் நான் செய்திருக்கிறேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி, பிரையன் இறங்கிக்கொண்டு என்னைத் தனியாக அனுப்புவது. முதல் தனிப் பறப்பு என்று அதைப் பெரிதாகச் சொல்வார்கள்.

அந்த நாளும் வந்தது. இரண்டு தடவை நன்றாக இறக்கினேன். ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிரையன் கேட்டார்: "டு யூ மைண்ட் இஃப் ஐ கெட் அவுட்?"

"யெஸ்! யெஸ் சார்!" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஓகே. நோ ப்ராப்ளம். இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி. இன்னும் சத்தமாக யெஸ் என்றேன். இன்னும் மெதுவாக, "அவசரமே இல்லை" என்றார். மூன்றாவது சனிக்கிழமையும் அப்படியே. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் இந்தியச் சாமான் கடையில் ரமேஷைப் பார்த்தேன். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் சென்னைப் பையன், எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பான். அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு மேட்டர் தெரியாதா? இந்தச் சின்னப் பசங்கள்லாம் ஏர்லைன்ஸ்ல ஜாய்ன் பண்ண ஃப்ளையிங் ஹவர்ஸ் ஏத்திட்டு இருக்காங்க. நீங்க தனியாப் போய்ட்டா அவனுக்கு ஹவர்ஸ் போச்சு. உங்கள மாதிரி அமைதியான ஆள லேசுல விடுவானா?"

சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தால் போதாதா? அன்று மத்தியானம் சாப்பிடும்போது வீட்டில் கொட்டித் தீர்த்தேன்.

"மூணு வாரமா, எறங்கட்டுமான்னு கேக்கறாருங்க. நானும் யெஸ்ங்கறேன். அப்பறம் இன்னொரு நாள் பாக்கலாம்ங்கறார். என்னைய வெச்சு வெளையாடறாருங்க."

"ரமேஷ் சொல்றது கரெக்ட்டாத்தான் இருக்கும்" என்றார் இவர். "பேசாம டிஸ்கன்டின்யூ பண்ணீரு. இல்லாட்டி நான் வந்து ஒரு வார்த்த கேக்கறேன்."

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்ங்க."

மகள் காவ்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். இங்கேயே பிறந்தவள், பதிமூன்று வயது. நாம் பேசுவது எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "வெய்ட். அம்மா, அவர் எக்ஸாக்ட்லி என்ன வேர்ட்ஸ் சொன்னார்?"

பிரையன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"டு யூ மைண்ட்? அண்ட் யூ ஸெட் யெஸ்?"

"பின்னே? தனியாப் போறதுக்கு மனசிருக்கான்னு கேட்டா, இருக்குதுன்னுதானே சொல்லோணும்?"

எட்டாம் வகுப்பில் மைண்ட் என்றால் மனம் என்று எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதில் சந்தேகமே எனக்கு வந்ததில்லை. காவ்யா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "ஓ மை காட், அம்மா! நீ அவரைப் போகாதேன்னு சொல்லியிருக்கே! மூணு டைம்ஸ்!" பிறகு விளக்கினாள். டு யூ மைண்ட் என்றால் மனசிருக்கிறதா என்று பொருளில்லை, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று பொருளாம். சரி என்று சொல்ல வேண்டுமானால் நோ என்று சொல்ல வேண்டுமாம். யெஸ் என்றால், ஆமாம், எனக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். பாவம் அந்தப் பையன், நான் பயப்படுகிறேன் என்று நினைத்து மூன்று வாரமும் என்னை வற்புறுத்தாமல் இருந்திருக்கிறான்.

இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா? ஆர் யூ ஓகே?"

"பக்கத்துல உக்காரலாமான்னு கேப்பாங்களே, அதுவும் இந்த மைண்டுதானா கண்ணு?"

"யா. அதுக்கும் நோதான் சொல்லணும்." சொல்லிவிட்டு அவளும் சிரிப்பதை நிறுத்தினாள். அவளுடைய பள்ளி விழாக்களில் என் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. பல் டாக்டரிடம் தடி ஊன்றி வந்த கிழவி, ரயிலில் கைக்குழந்தையோடு நின்ற பெண், பள்ளிக்கூடத்தில் எனக்காக பிஸ்கட் தட்டை நீட்டியபடி வந்த காவ்யாவின் டீச்சர். எல்லோரையும் நான்தான், சிரித்த முகத்தோடு, யெஸ் யெஸ் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்தனை பேரும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த எனக்கு, என் வாயில் வரும் ஒரு சொல்லை மோந்து பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காவ்யாவும் கூட வந்தாள். ஒரு தரம் இறக்கினேன். பிரையன் இந்த முறை கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். ஆகவே நான் கேட்டேன், காவ்யா பழக்கிக்கொடுத்தபடி: "சார், டு யூ மைண்ட் கெட்டிங் அவுட்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "நோ மேடம். ஐ டோன்ட் மைண்ட் அட் ஆல்." கதவைத் திறந்து இறங்கினார். போகும்போது பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் காலியாகவே மாட்டி இறுக்கிவிட்டுப் போனார்.

ஒரு ஆள் பாரம் குறைந்ததில் விமானம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே எழும்பிவிட்டது. கீழே பூசணி வயல்கள், தபால் நிலையம், ரூட் ஒன். எல்லாம் அவசரமாகச் சின்னதாயின. இடது பக்கம் திரும்பும்போது காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. என்னையறியாமல் வாயிலிருந்து, "யுவர் ஏர்பிளேன் சார்" என்று வந்துவிட்டது. பதில் இல்லை. இஞ்சின் சத்தம்தான். யாராவது சொல்லும் வரை கையை எடுக்கக் கூடாது என்பது சட்டம். சொல்வதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. "மை ஏர்பிளேன்" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்கும்போது மறக்காமல் ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். பக்கத்து சீட்டின் காலடியில் ஷூ எதுவும் இல்லை. இரண்டு வெறும் பெடல்கள், இடது முன்னே போனது, வலது பின்னே வந்தது. நான் மிதிக்க மிதிக்க அவை அசைந்தன. நான்கு மாதமாக இப்படித்தான் அசைந்திருக்கின்றன. சக்கரம் தரையைத் தொட்டுக் கீச்சிட்டது. அதை இறக்கியது நான்தான். சாட்சிக்குக் காலி சீட் இருந்தது.

விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கினால், பிரையன் கையில் ஒரு பெரிய கத்தரிக்கோலோடு என் முதுகுப் பக்கம் வருகிறார்! "ஐயோ, என்னுங்க இது!" என்று தமிழில் கத்திக்கொண்டு விமானத்தின் இறக்கைக்கு அந்தப்புறம் போய்விட்டேன். காவ்யா ஓடி வந்து சொன்னாள். இது இங்கே ஒரு வழக்கமாம். பழங்காலத்து விமானத்தில் சொல்லிக்கொடுப்பவர் பின்னால் உட்கார்ந்திருப்பாராம். முன்னால் இருப்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பாராம். தனியாகப் பறந்துவிட்டால் இனிமேல் இழுக்க ஆள் வேண்டாம். அதனால் சட்டையின் பின்துண்டை வெட்டி, பெயர் எழுதி, ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள். சுவரில் இருந்த அழுக்குத் துணிகளை நான் துடைக்கிற துணி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் அன்று போட்டிருந்தது சாதாரணச் சட்டை இல்லை. ஒரு காலத்தில் அது செங்கல் நிற நெகமம் கைத்தறிச் சேலை. இந்த ஊர்ப் பனியில் கட்ட முடியாமல் பெட்டியில் கிடந்ததை, முன்னொரு முறை ஊருக்குப் போனபோது நானே வெட்டி டாப்ஸாகத் தைத்துக்கொண்டேன். முந்தானையை மட்டும் அண்ணி கேட்டு வாங்கி டி.வி.க்கு உறை தைத்துப் போட்டுவிட்டார். உடுத்தியிருக்கும் துணியை அடுத்தவர் வெட்டுவது எங்கள் பக்கத்தில் நல்லதல்ல. அதற்கும் மேல், பிரையன் அந்தக் கத்தரியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நூலோட்டம் பார்க்காமல் கோணலாக வெட்டிவிடுவார் என்று.

"கிவ் மீ" என்று கையை நீட்டினேன். "மை டிரெஸ். ஐ கட்."

டாப்ஸின் பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பிடித்து, பார்டருக்கு மேலே ஒரு சாண் அளந்து, நூல் பிசகாமல் நேராக வெட்டிக் கொடுத்தேன். பிரையன் அதில் என் பெயரை எழுதினார். மரகதம் என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அதையும் நான் வாங்கித் திருத்தினேன். வரும் வழியில் காவ்யா, "ரேடியோல யூ ஸவுண்டட் ரியலி பாஸி, அம்மா" என்றாள். அதட்டல் போல் இருந்ததாம். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது அந்த டாப்ஸைத்தான் உடுத்தியிருந்தேன். வெட்டிய இடத்துக்கு மடிப்புத் தைத்துவிட்டதால் கிழிசல் தெரியாது. முன்பக்கம் முழங்கால் வரை, பின்பக்கம் இடுப்புக்குச் சற்றுக் கீழே. அண்ணி என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏம்மா, தையக்காரிக்கே அளவு தப்பிருச்சா? பின்னாடி துணி எங்க?"

"அமெரிக்காவுல ஒரு செவுத்துல மாட்டியிருக்குதுங்க அண்ணி."

"எதுக்காமா?"

சொன்னேன். தனியாக விமானம் ஓட்டியதைச் சொன்னேன். அண்ணனுக்கு இப்போது முட்டி வலி, நாற்காலியை விட்டு எழுவதில்லை. "நீயேதான் ஓட்டுனயா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். அவனுக்கும் ஒரு சந்தேகம் இருக்காதா?

அண்ணிக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. டி.வி.யின் உறையை உருவிக்கொண்டு வந்தார். "இதுல வெட்டிப் பின்னாடி ஒட்டுப் போட்டுக்கோ. ஒரே சேலதான, வித்தியாசம் தெரியாது" என்றார். முந்தானையை என் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தெரிந்தது. ஊர் வெயிலில் டி.வி.மேல் கிடந்த துணி வெளுத்துப்போயிருந்தது. என் உடம்பில் இருந்தது இன்னும் செங்கல் நிறத்திலேயே இருந்தது. சுவரில் இருப்பது இப்போது என்ன நிறம் என்று தெரியவில்லை. "வேண்டாங்க அண்ணி, அது அங்கயே இருக்கட்டும்" என்று உறையைத் திரும்ப மாட்டினேன்.

நான் திரும்பிப் போகக் கார் வந்து நின்றது. வாசல் கதவை அண்ணி திறந்து பிடித்துக்கொண்டார். "நீங்க போங்க அண்ணி" என்றேன். "நீ மொதல்ல போ" என்றார். நான் முன்னால் போனேன். பின்னால் துணி இல்லாத இடத்தில் காற்றுப் பட்டது. அண்ணன் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.